கறுப்பு வந்த வழி

பழைய புல்லட்டைப் புதுப்பிக்கிறவர்களிடம் நிறத்தைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. கறுப்புதான். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் எழுத்துப் பிசகாமல் பதிந்திருக்கும். நிறம் என்கிற இடத்தில் மட்டும் ஒரே ஒரு சொல். ஆனால் பெயிண்ட் கடைக்குப் போய் "கறுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். என்.சி.யா, சாதா எனாமலா, ஸ்டோவிங் எனாமலா, பி.யூ.வா, இல்லை பவுடர் கோட்டிங்கா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். அடித்த அன்று பார்த்தால் ஐந்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டு சித்திரை வெயிலைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

எங்கள் வீட்டு வண்டி 1974-ஆம் வருடத்து 350 சிசி புல்லட். அப்பா வாங்கும்போதே இரண்டு கை மாறியிருந்தது. கோச்சடையில், மேலக்கால் சாலையிலிருந்து வைகைப் பக்கம் இறங்கும் ஒரு சந்துப் பட்டறையில் அதைக் கழற்றிப் போட்டோம். பெயிண்டர் அண்ணன் பேரம் பேசுவதற்கு முன்பே ஒரு சோதனை செய்தார். துணியைத் தின்னரில் நனைத்து, டேங்கின் அடிப்பக்கத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தார். மேலே இருந்த கறுப்பு துணியோடு வந்துவிட்டது. அதற்கடியில் யாரோ ஆசைப்பட்டு அடித்த மெரூன். அதுவும் வந்தது. அதற்கும் அடியில் இன்னொரு கறுப்பு. அது அசையவில்லை.

"இது கம்பெனி பெயிண்ட்டு தம்பி. அடுப்புல வெந்தது. தின்னருக்கெல்லாம் மசியாது," என்றார்.

அவர் சொன்னதில் வேதியியல் இருக்கிறது. என்.சி. எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட், தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது. எப்போது மறுபடி தின்னர் பட்டாலும் கரைந்துவிடும். உப்புத் தண்ணீர் காய்ந்து உப்பாவது போல, உப்பு மறுபடி கரைவது போல. அடுப்பில் வேகும் எனாமல் அப்படியல்ல. சூட்டில் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகிவிடுகின்றன. வெந்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க முடியாது.

எனக்கு ஒரிஜினலாகவே வேண்டும் என்றேன். "ஒரிஜினல்னா எது தம்பி? இந்த அடிக் கறுப்பா, அப்பா ஓட்டுன மேல் கறுப்பா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. வேலை தொடங்க அவருக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது. யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது மென்பொருள் வேலையில் அன்றாடம் செய்வதுதான். பதில் தேடி அதே வழியில் போனேன்.

*

புல்லட்டின் தாய்வீடு இங்கிலாந்தின் ரெடிச். ஊசி செய்வதற்குப் பெயர்போன ஊர். ராயல் என்ஃபீல்டும் ஊசித் தொழிலின் வழியாக மிதிவண்டிக்கு வந்து, 1901-இல் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. புல்லட் என்கிற பெயர் 1932-இல் பிறந்தது. 1955-இல் அந்த நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் உதிரிகளாக வந்த வண்டிகளை இங்கே பூட்டினார்கள். பிறகு வார்ப்புகளும் கருவிகளும் வந்தன, சில ஆண்டுகளில் முழு வண்டியும் இங்கேயே உருவானது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி நின்றுபோனது. 1977-இல் திருவொற்றியூர் வண்டி ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. பிள்ளை தாயின் வீட்டுக்குப் போனபோது அங்கே தாய் இல்லை.

இந்தக் கதை பலருக்கும் தெரியும். வண்டியோடு சேர்ந்து கறுப்பும் தங்கக் கோடும் எங்கிருந்து வந்தன என்பதுதான் அதிகம் சொல்லப்படாதது. அது ரெடிச்சுக்கு மட்டும் சொந்தமான வழக்கம் இல்லை. பர்மிங்ஹாமைச் சுற்றியிருந்த ஊர்களில் மிதிவண்டியும் மோட்டார் சைக்கிளும் செய்த பலரும் அப்படித்தான் செய்தார்கள். ஏன் என்பதற்கு ஜான் மார்ஸ்டன் என்பவரின் வாழ்க்கையே பதில்.

மார்ஸ்டன் 1836-இல் பிறந்தவர். பதினைந்து வயதில் வுல்வர்ஹாம்ப்டனில் எட்வர்ட் பெர்ரி என்பவரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். பெர்ரியின் தொழில் தகரத் தட்டுகளும் பெட்டிகளும் செய்து, அவற்றுக்குப் பளபளக்கும் கறுப்புப் பூச்சு ஏற்றி, மேலே தங்க நிறத்தில் கோடும் பூவும் வரைந்து விற்பது. 1859-இல் மார்ஸ்டன் பக்கத்து ஊரான பில்ஸ்டனில் சொந்தமாகத் தகரத் தொழில் தொடங்கினார். பெர்ரி இறந்த பிறகு அவருடைய நிறுவனத்தையும் வாங்கிக்கொண்டார். 1887-இல் மிதிவண்டி செய்ய ஆரம்பித்தார். கையில் இருந்த பூச்சு கறுப்பு, கையில் இருந்த அலங்காரம் தங்கக் கோடு. தட்டுக்குச் செய்ததை மிதிவண்டிக்கும் செய்தார். அந்தக் கறுப்பில் வெயில் பட்டு மின்னுவதைப் பார்த்த அவர் மனைவிதான் 'சன்பீம்' என்று பெயர் வைக்கச் சொன்னதாகக் கதை. 1912-இல் சன்பீம் மோட்டார் சைக்கிள் வந்தது. அதுவும் கறுப்பு, அதிலும் தங்கக் கோடு. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களில் சன்பீமின் பூச்சுக்கு இணையில்லை என்பார்கள்.

தேநீர்த் தட்டு செய்கிறவர் வண்டி செய்தால் வண்டி தேநீர்த் தட்டு போலத்தான் இருக்கும். நம் ஊரில் புல்லட் டேங்கைப் பார்த்து ராஜகம்பீரம் என்கிறோமே, அதன் தாத்தா ஒரு தட்டு.

*

அந்தத் தட்டுத் தொழிலுக்கு ஆங்கிலத்தில் 'ஜப்பானிங்' என்று பெயர். ஜப்பான் அங்கே ஒரு வினைச்சொல். தட்டை ஜப்பான் செய்வது, பெட்டியை ஜப்பான் செய்வது. பதினேழாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவுக்குப் போன பூச்சுப் பொருட்கள் அங்கிருந்தவர்களைப் பைத்தியமாக அடித்தன. கண்ணாடி போல வழுவழுப்பு, வெந்நீருக்கும் அசையாத உறுதி, கறுப்புக்கு மேல் தங்கம். அதற்கு மூலப்பொருள் ஒரு மரத்தின் பால். அந்தப் பால் ஈரக் காற்றில்தான் இறுகும், உடம்பில் பட்டால் புண்ணாகும். மரம் ஐரோப்பாவில் இல்லை. பாலைக் கெடாமல் கப்பலில் கொண்டுபோவதும் நடக்கிற காரியமாக இல்லை. எனவே போலி செய்யத் தொடங்கினார்கள்.

போலிக்கு என்ன வைத்துச் செய்தார்கள் என்பதில்தான் நம் பக்கத்துக் காற்று அடிக்கிறது. 1688-இல் இங்கிலாந்தில் ஸ்டாக்கரும் பார்க்கரும் இந்தக் கலைக்கு ஒரு கையேடு வெளியிட்டார்கள். அதில் சொல்லப்படும் முக்கியமான பூச்சு, சாராயத்தில் கரைத்த அரக்கு. அரக்கு இந்தியாவிலிருந்து போனது, ஒரு சிறு பூச்சி மரக்கிளையில் சுரந்து வைப்பது. பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகையின் அரக்கு, பத்திர ஆபீஸ் முத்திரையின் அரக்கு, ஆசாரிகள் நகைக்குள் அடைக்கும் அரக்கு. 'லாக்கர்' என்று ஆங்கிலத்தில் அந்தப் பூச்சுக்கு வழங்கும் சொல்லே இந்தச் சரக்கின் பெயரிலிருந்து வந்ததுதான். பொருள் சீனத்து மரப்பால், பெயர் இந்தியப் பூச்சியுடையது.

இன்னொரு பெயர்க் குழப்பமும் உண்டு. சீனாவில் செய்த, ஆளுயர, பல மடிப்புள்ள பூச்சுத் தட்டிகளை ஐரோப்பியர்கள் 'கோரமண்டல்' என்றே அழைத்தார்கள், இன்றும் ஏல நிறுவனங்கள் அப்படித்தான் அழைக்கின்றன. அவை சோழமண்டலக் கரையில் செய்யப்பட்டவை அல்ல. சீனத்திலிருந்து வந்து, நம் கரையிலிருந்த கம்பெனித் துறைமுகங்களில் கப்பல் மாறிப் போனவை. விலாசம் தெரியாத சரக்குக்குக் கடைசியாக நின்ற ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது.

திருவொற்றியூரும் அதே கரைதான். 1950-களில் ரெடிச்சிலிருந்து உதிரிகள் வந்து இறங்கியபோது, இந்தக் கரை வழியாகப் போன ஒன்றின் நகல், தட்டாகவும் மிதிவண்டியாகவும் உருமாறி, பெட்ரோல் டேங்காகத் திரும்பி வந்திருந்தது. அங்கே யாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டியதில்லை.

*

அரக்கு அழகாக இருக்கும். ஆனால் சூடு தாங்காது, சாராயம் பட்டால் கரையும். தகரத்துக்கும் இரும்புக்கும் வேறு ஒன்று வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் பூச்சுக்காரர்கள் நிலக்கீலைப் பிடித்தார்கள். கீல் என்பது நம் கரையில் தோணிகளின் பொருத்துவாய்களில் பூசியதுதான். நிலத்தில் இயற்கையாகக் கிடைக்கும் கீல், நிலக்கீல். அதை ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சி, டர்பன்டைனில் இளக்கி, தகரத்தில் பூசி, அடுப்பறைக்குள் வைத்து மணிக்கணக்கில் வேகவைத்தார்கள். ஒரு பூச்சு, ஒரு வேக்காடு, ஒரு தேய்ப்பு. மறுபடி பூச்சு. கடைசி மெருகு பெண்களின் வேலை. நுண்பொடியை எண்ணெயில் தொட்டு வெறும் உள்ளங்கையால் தேய்ப்பார்கள். துணியோ தோலோ அந்தப் பளபளப்பைத் தராது என்பது அந்தத் தொழிலின் நம்பிக்கை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கறுப்பு என்பது யாரும் ரசித்துத் தேர்ந்தெடுத்த நிறம் மட்டும் அல்ல. நிலக்கீலின் நிறமே அதுதான். அன்று கிடைத்தவற்றில் இரும்பை நன்றாகக் காத்த, விலையும் மலிவான பூச்சு கறுப்பாகத்தான் இருக்க முடியும். சிவப்போ பச்சையோ வேண்டுமென்றால் பலவீனமான, விலை கூடிய வேறு வார்னிஷுக்குப் போக வேண்டும்.

கறுப்பு என்றால் உடனே ஹென்றி போர்டின் டி மாடல் காரைச் சொல்வார்கள். கறுப்பாக இருக்கும்வரை எந்த நிறம் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதாக ஒரு வழக்கு. உண்மையில் அந்தக் கார் 1908-இல் வந்தபோது வேறு நிறங்களிலும் கிடைத்தது. கறுப்பு மட்டும் என்பது 1914 முதல் 1925 வரைதான். கறுப்பு சீக்கிரம் காயும் என்பதால் அப்படி என்று பலரும் எழுதுகிறார்கள். ஆராய்ந்தவர்கள் அதை மறுக்கிறார்கள். அந்தத் தொழிற்சாலையில் முப்பதுக்கும் மேற்பட்ட வகைக் கறுப்புகள் இருந்திருக்கின்றன. முக்கி எடுக்க ஒன்று, ஊற்றிப் பூச ஒன்று, அடுப்புக்கு ஒன்று, காற்றில் காய ஒன்று. மலிவும் உழைப்பும்தான் காரணம் என்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்பே "கறுப்பு" என்றால் "எந்தக் கறுப்பு" என்று கேட்டிருக்கிறார்கள்.

1923 வாக்கில் டூபான்ட் நிறுவனம் 'டூகோ' என்ற பெயரில் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டைக் கொண்டுவந்தது. நிறம் எதுவானாலும் நிமிடங்களில் காயும், கன்னால் அடிக்கலாம், அடுப்பு வேண்டாம். கார்கள் வண்ணமயமானது அதன் பிறகுதான். நம் ஊரில் ஸ்ப்ரே பெயிண்டுக்கே டூகோ என்று பெயர் நிலைத்துவிட்டது. அதே காலத்தில் ஆல்கிட் என்கிற செயற்கைப் பிசின் வந்து நிலக்கீலின் இடத்தைப் பிடித்தது. அடுப்பு மட்டும் மாறவில்லை. இப்போது கறுப்பு வேண்டும் என்றால் கரித்தூளைக் கலக்க வேண்டும். நிலக்கீல் போய்விட்டது, கறுப்பு பழக்கமாக நின்றுவிட்டது. எங்கள் டேங்கின் அடியில் தின்னருக்கு மசியாமல் நின்றது இந்த அடுப்பு வம்சத்தைச் சேர்ந்தது.

*

கோச்சடைப் பட்டறைக்குத் திரும்புவோம். மதுரைப் பட்டறைகள் இத்தனை காலம் என்.சி.யை விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. வைகையில் தண்ணீர் ஓடும் நாட்களைவிட மணல் பறக்கும் நாட்கள் அதிகம். ஆடிக் காற்றில் மெதுவாகக் காயும் எனாமலை அடித்தால் டேங்க் முழுக்க ஆற்றுத் தூசிதான். என்.சி. தூசி வந்து உட்காரும் முன் காய்ந்துவிடும். மேலே ஒரு பஃபிங் போட்டால் கண்ணாடி. ஆனால் மூடியைத் திறக்கும்போது சிந்தும் பெட்ரோல் அதை மங்கடிக்கும், வெயில் வெளுக்க வைக்கும். எங்கள் வண்டியில் மூடியைச் சுற்றி ஒரு சாம்பல் வட்டம் இருந்தது. அப்பாவின் பல வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வட்டத்தில் இருந்தன.

இன்று உழைப்பில் முதலிடம் பி.யூ.வுக்கு. இரண்டு டப்பா. ஒன்றில் பெயிண்ட், ஒன்றில் ஹார்டனர். கலந்த பிறகு அடுப்பு இல்லாமலே வலை பின்னிக்கொள்ளும். பெட்ரோல், வெயில், கீறல் மூன்றையும் தாங்கும். டேங்குக்கு அதுதான் என்று பலரும் அடித்துச் சொன்னார்கள்.

அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். காய்ந்து இறுகிய பிறகு சாது. கன்னிலிருந்து புகையாக வரும்போது நுரையீரலுக்கு விரோதி. தொழில் வழியாக வரும் ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் இது ஒரு முக்கியக் காரணம். ஒருமுறை உடம்பு அதற்கு விரோதமாகப் பழகிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவுகூட மூச்சை அடைக்கும். வாசனையை வைத்து எச்சரிக்கையாக இருக்கவும் முடியாது. வாசனை தெரியும் அளவு என்பதே ஆபத்தான அளவைத் தாண்டியது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி போட்டு, தனி அறைக்குள் நின்று அடிக்க வேண்டும் என்பது விதி.

அண்ணன் மூக்கில் கட்டுவது ஒரு கைக்குட்டை.

"அதெல்லாம் பழகிருச்சு தம்பி. ராத்திரியில கொஞ்சம் இழுக்கும். சுக்குக் காப்பி குடிச்சா சரியாயிரும்," என்றார்.

உழைக்கிற பெயிண்ட் எது என்று கேட்டுக்கொண்டு வந்தவன் நான். உழைப்பு என்ற சொல் தமிழில் இரண்டு பக்கமும் வெட்டும். செருப்பு உழைக்கிறது என்கிறோம், ஆளும் உழைக்கிறார் என்கிறோம். டேங்க் இருபது வருடம் உழைக்க அவர் மூச்சில் எத்தனை வருடம் போகும் என்கிற கணக்கை எந்த டப்பாவிலும் அச்சடிப்பதில்லை. வுல்வர்ஹாம்ப்டனில் உள்ளங்கையால் மெருகேற்றிய பெண்களின் பெயர் தட்டின் பின்புறம் இல்லை. இருப்பது முதலாளியின் முத்திரை.

*

அடிக் கறுப்பா மேல் கறுப்பா என்ற கேள்விக்கு வரலாறு ஒரு பதில் தந்தது என்றே நினைக்கிறேன். ஒரிஜினல் என்று ஒரு பூச்சு எங்கேயும் இல்லை. மரப்பாலுக்கு அரக்கு போலி, அரக்குக்கு நிலக்கீல் மாற்று, நிலக்கீலுக்கு ஆல்கிட் மாற்று. ஒவ்வொருவரும் அன்றைக்குக் கையில் இருந்ததை வைத்து இரும்பைத் துருவிடமிருந்து காத்தார்கள். தொடர்ந்து வந்தது நிறமும், கோடும், அடுப்பும். எனவே ஒவ்வொரு பாகமும் எதைத் தாங்க வேண்டும் என்று பார்த்து முடிவெடுத்தோம்.

ஃப்ரேம், ஸ்டாண்டு, பேட்டரித் தாங்கி ஆகியவற்றுக்குக் கல்லடி, சேறு, ஆயில். இவற்றுக்குப் பவுடர் கோட்டிங். மணல் வீச்சில் துருவை எடுத்து, பாஸ்பேட் குளியல் கொடுத்து, பிறகு பவுடர். இரும்பின் மேல் பாஸ்பேட் படிகம் வளர்த்துத் துருவைத் தடுக்கும் முறைக்கு 1906-இல் காப்புரிமை வாங்கிய காஸ்லெட்டும் பர்மிங்ஹாம்காரர்தான். பவுடர் தடிமனாக உட்காரும். மரைகளையும் பேரிங் உட்காரும் இடங்களையும் மறைத்து அனுப்பாவிட்டால் பூட்டும்போது அழ வேண்டியிருக்கும். பட்டி வைத்து நிரவிய எதையும் அந்தச் சூட்டில் வைக்க முடியாது. ஓரம் பெயர்ந்தால் ஒட்டுப்போடுவதும் சிரமம். டேங்குக்கு அதனால்தான் வேண்டாம் என்றோம்.

டேங்கும் மட்கார்டும் ஸ்டோவிங் எனாமல். அடியில் இருந்த அதே வம்சம். இதிலும் தின்னர் உண்டு, முகமூடி வேண்டும். ஆனால் அந்த ஹார்டனர் இல்லை. நெளிவுகளைப் பட்டியால் மறைக்காமல், டிங்கர் தட்டித் தட்டியே எடுத்தார். அதற்கு மட்டும் நான்கு நாள் கூடுதலாக ஆனது. அண்ணன் அடித்து முடித்ததும், கப்பலூர் தொழிற்பேட்டையில் பவுடர் கோட்டிங் செய்யும் இடத்தில், அவர்கள் அடுப்பிலேயே 140 டிகிரியில் அரை மணி நேரம் வேகவைத்து வாங்கினோம். பி.யூ.வைவிட இது சீக்கிரம் மங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெழுகு போட்டுத் துடைக்க வேண்டும். அந்த வேலை எனக்கு. வெயிலில் நிறுத்தாமல் வேப்ப மரத்தடியில் நிறுத்த வேண்டும். அதுவும் எனக்கு. பெயிண்டின் உழைப்பில் குறைந்ததை நான் போட்டுச் சரிக்கட்டலாம்.

கோடு மட்டும் மிச்சமிருந்தது. திருவொற்றியூர் வழி வந்த தொழிலாளர்கள் டேங்கில் கையாலேயே தங்கக் கோடு இழுப்பது புகழ்பெற்றது. மதுரையில் அதற்கு ஆள் தேடினால் நம்பர் பிளேட் எழுதுகிறவர்களிடம் போகச் சொன்னார்கள். 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளுக்கு அச்சடித்த பிளேட்டுதான் என்று ஆனபிறகு அவர்களுக்கு வேலை குறைவு. வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒட்டும் டேப் வேண்டாம் என்றார். நீண்ட முடி வைத்த தூரிகையைத் தொட்டு, சுண்டு விரலை டேங்கின் விளிம்பில் ஊன்றி, மூச்சை நிறுத்திக்கொண்டு ஒரே இழுப்பு. பக்கத்துக்கு இரண்டு கோடு. வலது பக்கத்தைவிட இடது பக்கக் கோடு முடியிழை அளவு தடிமன். சரிசெய்யட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பெயிண்டர் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, காயும்வரை யாரும் கிட்டே வராதபடி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.